புடவைக் கணக்கில் புல்

என் ராத்தாவின் கலியாணப் பேச்சு முடிந்து, வெற்றிலைத் தட்டம் கைமாறிக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளையின் வாப்பா புல் கேட்டார்.

வீடு கொடுப்பதாக ஏற்கெனவே பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும்தான் வழக்கம். வாப்பா மருதமுனையில் தறிகள் வைத்து, இடுப்பில் உடுத்தும் சாரன் நெய்தவர். எங்கள் வளவிலேயே ராத்தாவுக்கென்று கல்வீடு கட்டி, ஓடு போட்டு, கதவுகளுக்குப் பூச்சும் பூசிவிட்டார். இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற நிம்மதியில் எல்லோரும் இருந்த நேரம் அது.

"ஒண்டே ஒண்டு மச்சான்," என்றார் மாப்பிள்ளையின் வாப்பா, பாக்கை மென்றபடி. "மகன் அம்பாறையில கந்தோர்ல வேலை செய்றவன். இஞ்சினியர்மார்ர பங்களாவெல்லாம் பாத்துப் பழகிட்டான். வாசல்ல புல்லு இரிக்கோணும் எண்டு ஒரு ஆசை."

"புல்லா?" என்றார் வாப்பா.

"ஓம். புல்லு."

"மாப்பிள்ளை மாடு கீடு வளக்கிறவரோ?" என்று கேட்டார் உம்மாவின் தம்பியான எங்கள் மாமா. கேலிக்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

கதவுச் சீலைக்குப் பின்னால் பெண்களோடு நின்ற எனக்கும் விளங்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. ஆனால் உம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்ததில், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் ஊரில் வாசல் என்றால் மணல். விடிந்ததும் பெண்கள் அதைக் கூட்டி, விளக்குமாற்றின் கோடுகள் தெரிய விட்டிருப்பார்கள். கலியாணம் என்றால் கடற்கரையிலிருந்து புதுமணல் வண்டியில் வந்து இறங்கும். ஒரு வீட்டு வாசலில் புல் தலைகாட்டினால், அந்த வீட்டுப் பெண்களுக்கு என்ன நோய் என்று அயலார் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் வந்து, எங்கள் வாசலில் புல் இல்லையே என்று குறைப்பட்டார்.

வாப்பா மறுத்திருக்கலாம். ஆனால் ராத்தாவுக்கு அதற்கு முதல் வருடம் ஒரு பேச்சு வந்து முறிந்திருந்தது. இரண்டாவதும் முறிந்தால் மூன்றாவதாக ஒருவரும் படியேற மாட்டார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வாப்பா தட்டத்தைப் பார்த்தபடி, "போட்டுக் குடுப்பம்," என்றார்.

புல்லுக்கு ஆள் தேடிப் பிடித்தது மாமாதான். உள்ளூர்க் குளக்கட்டுப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், மண்ணோடு சேர்த்துப் புல்லைத் தகடு தகடாக வெட்டி, பங்களாக்களுக்குக் கொண்டுபோய்ப் பதித்துக் கொடுப்பவராம். அவர் ஒரு நாள் வந்து வாசலைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்:

"எத்தனை யார் வேணும் காக்கா?"

வாப்பாவின் முகம் மலர்ந்தது. புல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யார் என்ற மூன்றடி அளவை அவருக்குத் தெரிந்த மாதிரி அந்த ஊரில் எவருக்கும் தெரியாது. அவர் அளந்து கொடுத்த புடவைத் துணி ஓர் அங்குலம் குறைந்தது என்று கல்முனைக் கடைத்தெருவில் ஒரு முதலாளியும் சொன்னது கிடையாது.

புடவை அளக்கும் கோலை எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். படிக்கட்டுக்கும் தெருவாசல் கடப்பலுக்கும் நடுவே, நடைபாதைக்கு இடப்புறமாகப் புல் போட வேண்டிய இடம் நீளத்தில் பத்து யார், அகலத்தில் ஐந்து யார் வந்தது. வாப்பா மணலில் குந்தி, விரலால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். எங்கள் தறியில் இறங்கும் புடவையின் அகலம் ஒன்றேகால் யார். அதைப் பக்கத்தில் பக்கத்தில் நான்கு தரம் விரித்தால் ஐந்து யார் மூடும். நான்கு விரிப்பு, ஒவ்வொன்றும் பத்து யார். ஆக நாற்பது.

"நாப்பது யார்," என்றார். பிறகு ஒரு யோசனை வந்து, "தண்ணி பட்டாச் சுருங்குமா?" என்றும் கேட்டார்.

வண்டிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தண்ணி ஊத்தாட்டித்தான் காக்கா சுருங்கும்."

"அப்ப நாப்பதே காணும்."

அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. நான் தறிக்கொட்டிலில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யார் என்றால் நீளம். அகலம் தறியோடு கூடப்பிறந்தது. அதை ஒருவரும் கேட்பதுமில்லை, ஒருவரும் சொல்வதுமில்லை. புல்லும் புடவைக் கட்டுப் போலச் சுருட்டித்தான் வரும், இழுத்து விரிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன்.

வந்தது சுருட்டி அல்ல. ஒரு புதன்கிழமை இரண்டு மாட்டு வண்டிகளில், நனைந்த சாக்குகளுக்கு அடியில், ஓர் அடிச் சதுரமாக வெட்டிய தகடுகள் அடுக்கடுக்காக வந்து இறங்கின. வண்டிக்காரரும் அவருடைய மகனும் மணலைக் கிளறி, செம்மண் தூவி, நடைபாதைப் பக்கமிருந்து பதிக்கத் தொடங்கினார்கள். தெருவில் போனவர்கள் கடப்பலில் நின்றார்கள். பணம் கொடுத்துப் புல் வாங்கிய மனிதரைப் பார்க்க, தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் இரண்டு வண்டிகளும் காலியாகிவிட்டன. வேலியோரமாக, ஒரு யார் அகலத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் வெறும் மணல் கிடந்தது.

"மிச்சம் எங்க?" என்றார் வாப்பா.

"எந்த மிச்சம் காக்கா? நாப்பது யார் சொன்னீங்க. நாப்பது யார் இறக்கியிரிக்கன். எண்ணிப் பாருங்க."

வாப்பா கோலை எடுத்துக்கொண்டு போய்ப் புல்லின் மேல் வைத்துப் பார்த்தார். "ஒரு யார்ர நீளம் என்ன?"

"ஒரு யார்."

"அகலம்?"

"அதுவும் ஒரு யார்தான். நாலு பக்கமும் ஒரு யார் இரிந்தாத்தான் அது ஒரு யார்."

"ஒண்டேகால் இல்லியா?"

"ஒண்டேகால் எங்கயிரிந்து வரும்? இது புல்லு காக்கா. தறியிலயா நெய்ஞ்சது?"

கடப்பலில் நின்ற கூட்டம் சிரித்தது. வாப்பா சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. கையில் கோலுடன் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தில் இருந்தது திகைப்பு மட்டும்தான். அளவில் தான் பிழை விட்டதை அவரால் நம்ப முடியவில்லை. உதடுகள் அசைந்தன. நான்கு பத்து நாற்பது, நான்கு பத்து நாற்பது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது.

இன்னும் பத்து யார் கொண்டுவர ஏலாது என்றார் வண்டிக்காரர். குளத்தில் தண்ணீர் ஏறி, வெட்டும் இடமெல்லாம் முங்கிவிட்டதாம். வற்ற ஒரு மாதம் பிடிக்கும். மாப்பிள்ளையின் வாப்பா வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்ததோ வெள்ளிக்கிழமை.

அன்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வேலியோரம் பூச்சாடி வைக்கலாம் என்றார் உம்மா. "சாயத் தொட்டியில பச்சை கிடக்குத்தானே மச்சான், மணலை முக்கி எடுப்பம்," என்றார் மாமா. ராத்தா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய கண்ணுக்கு முன்னால் ஓடுகிற படம் என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்து அந்த மணலைப் பார்ப்பார்கள், கேட்டது ஒன்று, அதையும் முழுசாகத் தரவில்லை என்பார்கள்.

மறுநாள் சுபஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன வாப்பா, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. வெயில் ஏறிய பிறகு, அயல்வீட்டுக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே ஈரச் சாக்கு. வேலியோரம் தானே குந்தி, கிளறி, தானே பதித்தார். உதவிக்குப் போன மாமாவைக் கிட்ட வரவிடவில்லை. பதித்து முடிந்தபோது கோல் வைத்து அளந்ததுபோல் பத்து யாரும் நிறைந்திருந்தது. மற்றப் புல்லைவிட அது குட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தது. நிறம் மட்டும் நல்ல பச்சை.

"எங்கயிரிந்து வாப்பா?" என்று கேட்டேன்.

"கிடைச்சிது மகள்."

"தறியிலயே நெய்ஞ்சி எடுத்திட்டாரு போல," என்றார் மாமா. உம்மா நிம்மதியாகச் சிரித்தார். ராத்தா எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். கடப்பலைத் திறந்ததும் நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டு, புல்லில் இறங்கி, சின்னப் பிள்ளை மாதிரிக் கால் விரல்களை அசைத்துப் பார்த்தார். "சொன்னத்துக்கு மேலால செஞ்சிரிக்கீங்க மச்சான்," என்றார். அப்படியே வேலிப் பக்கமாக நடந்தார்.

"அதில மிதிக்காதீங்க," என்றார் வாப்பா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உடனே தணித்துக்கொண்டு, "புதிசு. இன்னும் வேர் பிடிக்கல்ல," என்றார்.

முன்விறாந்தையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுபோய் வைத்தது நான். அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் மோதினார் கடப்பலைத் திறந்துகொண்டு வந்தார். பாங்கு சொல்வதோடு, ஊர் அடக்கத்தலமான மையவாடியைப் பார்த்துக்கொள்வதும் அவருடைய பொறுப்பு. வயதானவர். வேகமாக நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, ஒரு கூடாத கதை," என்றார் வாப்பாவிடம். "ஜும்ஆவுக்கு முதல்லயே சொல்லிரிக்கோணும். மனம் வரல்ல."

"இரிங்க," என்றார் வாப்பா. மோதினார் உட்காரவில்லை.

"மையவாடியில உங்கட ஆக்கள்ற கபுறுக்கு மேல இரிந்த புல்லை ஆரோ வெட்டிக் கொண்டு போயிட்டான். மாடு மேஞ்சதில்ல. மண்வெட்டி வெட்டு. அளந்து வெட்டின மாதிரி. உங்கட வாப்பா, உம்மா, காக்கா, உங்கட மாமனார், அந்தச் சின்னப் புள்ளைர கபுறு. அஞ்சும் மொட்டையாக் கிடக்கு. பக்கத்துக் கபுறு ஒண்டிலயும் கை வைக்கல்ல. உங்களுக்கு ஆரோடயும் பகை இரிக்கா தம்பி?"

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. சொல்லாக இல்லை, மூச்சு அடைபட்ட சத்தம்.

மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு வாயில் தொதல் இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "கபுறுப் புல்லையா? பச்சையா இரிக்கிற வரைக்கும் அது கபுறாளிக்காக அல்லாஹ்வைத் துதிச்சித் தஸ்பீஹ் செய்ற. அதைப் போய் வெட்டினவன்ட கை வெளங்குமா? ஆரெண்டு பாத்து ஊரை விட்டே அனுப்போணும்."

வாப்பா தன் கைகளைப் பார்த்தார். மடியில் கிடந்த இரண்டையும் மெதுவாகப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். வேலிப் பக்கம் திரும்பக்கூடாது என்று அவர் கழுத்தை இறுக்கி வைத்திருந்தது தெரிந்தது.

"நான்தான்," என்றார்.

மோதினாருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் சொன்னார். "நான்தான் வெட்டினன். மத்தவங்கட ஒண்டையும் தொடல்ல. கேக்கிறதெண்டா என்ட ஆக்களிட்டத்தானே நான் கேக்கலாம். கேட்டுப்போட்டுத்தான் வெட்டினன்."

எல்லோருடைய பார்வையும் ஒரே சமயத்தில் வேலியோரத்துக்குப் போனது. அந்தப் பச்சை நாடா வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. முதல்நாள் அதன் மேல் நான் உருண்டு விளையாடியிருந்தேன்.

மாப்பிள்ளையின் வாப்பா கோப்பையை வைத்தார். எழுந்தார். நடைபாதையின் நடுவால், பக்கத்துப் புல்லில் கால் படாமல் நடந்து, கடப்பலடியில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சலாம் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. மோதினார்தான் கடைசியில் வாய் திறந்தார். "எடுத்த இடத்தில வெச்சிருங்க தம்பி. பள்ளி மரைக்காரிட்ட நான் கதைச்சிக் கொள்றன்." அவரும் போனார்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை. கலியாணம் நின்றுபோனது என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அயல்வீட்டுப் பெண்கள் நெருப்புக் கேட்க வந்தவர்கள் போல வந்து, வேலியோரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உம்மா வாப்பாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ராத்தா மட்டும் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றார். வாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் பகல் மாமா மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கச் சாய்ந்தமருதுக்குப் போய், அஸருக்கு முன் திரும்பி வந்தார். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார்.

"புல்லை எடுத்த இடத்தில வைக்கட்டாம். வாசல்ல மணல் கிடந்தாலும் பரவாயில்லியாம். கலியாணம் சொன்ன நாளில நடக்கும் எண்டு மாப்பிள்ளைட வாப்பா சொல்லிட்டாரு." பிறகு மூச்சை எடுத்துக்கொண்டு, "மாப்பிள்ளைட முகத்தில ரத்தமே இல்ல. நான் புல்லுத்தானே கேட்டன், புல்லுத்தானே கேட்டன் எண்டு ஒரே கதை," என்றார்.

உள்ளே ராத்தா அழுத சத்தம் கேட்டது. அது வேறு மாதிரியான அழுகை என்பது எனக்கே தெரிந்தது.

வாப்பா அந்த நிமிஷமே மண்வெட்டியையும் கைவண்டியையும் எடுத்துக்கொண்டு வேலியோரத்துக்குப் போனார். இரண்டு நாளில் வேர் அவ்வளவாகப் பிடித்திருக்கவில்லை. தகடுகள் இலேசாகக் கழன்று வந்தன. அவர் முக்கால்வாசி எடுத்திருப்பார், உம்மா வெளியே வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றார்.

"இஞ்சாருங்க," என்றார். "இதில அவன்ட எது?"

அவன் என்றது எனக்குப் பிறகு பிறந்த தம்பியை. குப்புறப் பழகிய மாதத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். வெள்ளைத் துணியில் சுற்றி ஆண்கள் அவனைக் கொண்டுபோனபோது உம்மா வாசற்கதவு வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வர ஏலாது. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அவனை எந்த மரத்தடியில் வைத்தார்கள், எந்தப் பக்கம் என்று உம்மா கண்டதில்லை.

வாப்பா மண்வெட்டிப் பிடியால் காட்டினார். கிணற்றுப் பக்கமாக இருந்த கடைசித் துண்டு. "அதுதான். அவனுக்கு ஒரு யார்தான் வந்திச்சி."

"அது கிடக்கட்டும்."

"மோதினார் அஞ்சையும் வைக்கச் சொல்லியிரிக்காரு."

"நீங்க வாங்கின புல்லில ஒரு யார் வெட்டி, அவனுக்குக் கொண்டுபோய் வைங்க," என்றார் உம்மா. "நல்லாத் தண்ணி ஊத்தி வைங்க."

வாப்பா படிக்கட்டடிக்குப் போய், நாற்பதில் ஒரு யாரைக் கோல் வைத்து அளந்து வெட்டினார். கைவண்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்து, ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு போனார்.

கலியாணம் சொன்ன நாளில் நடந்தது. வேலியோரத்து வெறுமையைக் கடற்கரைப் புதுமணலால் மூடினோம். ஆனால் படிக்கட்டடியில் ஒரு சதுரக் குழி. கிணற்றுப் பக்கம், வெள்ளை மணலுக்கு நடுவே தனியாக ஒரு சதுரப் புல். வந்தவர்களில் பலர் இது என்ன கோலம் என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு உம்மாவின் மேல்தான் கோபம். ஒரு யாருக்கு ஒரு யார். எடுத்ததும் வைத்ததும் சமம். அங்கே ஒரு யார் குறையவுமில்லை, இங்கே ஒரு யார் கூடவுமில்லை. வீணாக வாப்பாவுக்கு இரட்டை வேலை கொடுத்து, நன்றாக இருந்த புல்தரையையும் பழுதாக்கிவிட்டாரே என்று நினைத்தேன். கணக்கில் இப்போது பிழை விட்டது உம்மா என்று மாமாவிடம் சொல்லவும் சொன்னேன். எப்போதும் பகிடி விடும் மாமா அன்று சிரிக்காமல், "போய் விளையாடு புள்ள," என்றார்.

கலியாண வீட்டுச் சத்தம் அடங்கி, மாப்பிள்ளையும் ராத்தாவும் புதுவீட்டில் குடியிருக்கத் தொடங்கிய பிறகு, அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளுவார். மற்ற முப்பத்தொன்பது யாருக்கும் மாப்பிள்ளைதான் தண்ணீர் ஊற்றினார். உம்மா ஊற்றுவது அந்த ஒரு துண்டுக்கு மட்டும். ஊற்றி முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து மணலில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துப் புல்லின் மேல் வைப்பார். வெகுநேரம் எடுக்க மாட்டார்.

ஈரம் போதுமா என்று பார்க்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.